மந்திர வகுப்பில் மார்க் போடுவது யார்?

மேற்கத்திய மந்திர மரபில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கென்றே எழுதப்பட்ட பாடத்திட்டங்கள் நிறைய இருக்கின்றன. மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுக்கிற வித்தையைச் சொல்லவில்லை. நம் ஊரில் பில்லி, சூனியம், ஏவல் என்று தாழ்ந்த குரலில் பேசுவோமே, அதையும் சொல்லவில்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஓர் ஒழுங்குக்கு வந்து, இன்றைக்குப் புத்தகமாகவும் மாலை வகுப்பாகவும் கிடைக்கிற சடங்கு மந்திரத்தைச் சொல்கிறேன். மூச்சுப் பயிற்சி, மனக்காட்சி, வட்டம் போடுவது, நான்கு திசைகளிலும் தேவதைகளை அழைப்பது, டாரட் சீட்டு எல்லாம் கலந்த ஒரு சாதனை முறை அது.

மந்திரம் பலிக்குமா பலிக்காதா என்று சண்டை போட வேறு இடங்கள் இருக்கின்றன. இங்கே என் ஆர்வம் வேறு. இதைச் சொல்லித் தருகிறவர்கள் வகுப்பை எப்படித் திட்டமிடுகிறார்கள்? முதல் நாள் என்ன, பத்தாவது பாடம் என்ன? ஒன்றுமே தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பவரை எங்கே கொண்டுபோய் விடப் பார்க்கிறார்கள்? ஐந்து பாடத்திட்டங்களை எடுத்து, அவற்றை வெறும் சிலபஸாக மட்டும் வைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் நான் போடப்போவது ஒரே கேள்விதான்: இந்த வகுப்பில் மார்க் போடுவது யார்?

ஏன் இந்தக் கேள்வி?

பாட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஒரு ஏணி இருக்கிறது. ரிஷபம் கொஞ்சம் இறங்கினால் டீச்சர் அங்கேயே நிறுத்திவிடுவார். நாலு மாதம் போனால் பிள்ளைக்கே காது வந்துவிடும், தன் தப்பு தனக்கே கேட்கும். தையல் வகுப்பு என்றால் இன்னும் சுலபம். அக்குள் பிடித்தால் வெட்டு தப்பு. ரவிக்கையே சொல்லிவிடும்.

மந்திர வகுப்பில் ரவிக்கை கிடையாது. வட்டம் போட்டாயிற்று, பெயர்களை உச்சரித்தாயிற்று, மனக்கண்ணில் நீல நெருப்பு எரிந்ததாகத் தோன்றியது. சரியாக வந்ததா? யாரைக் கேட்பது? குருவிடம் கேட்டால் அவர் பார்த்தது உங்கள் முகத்தை மட்டும்தான். உங்களையே கேட்டால், ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் பதில் வரும். விளைவு வெளியே தெரியாத ஒரு வித்தையில், அதை மதிப்பிடும் அதிகாரத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் பாடத்திட்டத்தின் உயிர்நாடி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இது வெறும் கல்விக் கோட்பாட்டுப் பிரச்சினை இல்லை. இப்படிப்பட்ட வகுப்பைத் தேடி வருகிறவர்களில் சும்மா ஆர்வத்தில் வருகிறவர்கள் உண்டு. ஒரு சாவுக்குப் பிறகோ, ஒரு பிரிவுக்குப் பிறகோ பிடிமானம் தேடி வருகிறவர்களும் உண்டு. பலிக்கவில்லை என்றால் உன் நம்பிக்கை போதவில்லை என்ற ஒரு வாக்கியம் இரண்டாவது வகை ஆளை என்ன செய்யும் என்று யோசித்தால், யார் மார்க் போடுவது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

முதல் பள்ளி: தேர்வு எழுதிய மந்திரவாதிகள்

1888-ல் லண்டனில் தொடங்கப்பட்ட ‘கோல்டன் டான்’ சங்கத்திலிருந்து ஆரம்பிப்போம். நிறுவியவர்கள் மூன்று பேர்: வெஸ்ட்காட், மேதர்ஸ், உட்மன். வெஸ்ட்காட் அன்றாடம் பார்த்த வேலை மர்மச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி வேலை. அந்த ஆபீஸ் ஒழுங்கு சங்கத்துக்குள்ளும் தெரிகிறது. படிநிலைகள், பதிவேடுகள், தேர்வுகள். பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்பவருக்குக் கண்ணைக் கட்டி, இடுப்பில் கயிற்றை மூன்று சுற்று சுற்றி, ஒரு தீட்சைச் சடங்கு நடக்கும். ரகசியம் காப்பேன் என்று பெரிய சத்தியம். அதெல்லாம் முடிந்து கையில் வருகிற முதல் பாடத்தில் இருப்பது என்ன? பஞ்சபூதத்தில் நான்கின் குறிகள், ராசிகள், கிரகங்கள், எபிரேய எழுத்துகள், கபாலா மரத்தின் பத்து ஸெஃபிரோத்துகளின் பெயர்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். 1898-ல் சேர்ந்த அலெய்ஸ்டர் குரோலி, இவ்வளவு பயங்கரமாகச் சத்தியம் வாங்கிவிட்டு அரிச்சுவடியைத்தான் கொடுத்தார்கள் என்று பின்னால் கிண்டல் செய்தார். கிண்டலில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை.

ஏனென்றால் அரிச்சுவடியோடு ஒரே ஒரு செய்முறையையும் கொடுத்தார்கள். ஐங்கோண நட்சத்திரத்தை நான்கு திசையிலும் காற்றில் வரைந்து, இடத்தைத் தூய்மை செய்யும் சின்னச் சடங்கு அது. கிழக்கைப் பார்த்து நின்று உடம்பில் சிலுவைக் குறி இடுவது, திசைக்கு ஒரு நட்சத்திரம், ஒரு திருப்பெயர், பிறகு ராஃபேல், கேப்ரியேல், மைக்கேல், யூரியேல் என நான்கு தேவதூதர்களை அழைப்பது, மறுபடியும் ஆரம்பித்த அதே குறியோடு முடிப்பது. பத்து நிமிஷ வேலை. ஒரு முழுச் சடங்கின் உறுப்புகள் எல்லாம் சின்ன அளவில் இதில் இருக்கின்றன. ஆரம்பம் எப்படியோ அப்படியே முடிவு. நூற்று முப்பது வருஷத்துக்கும் மேலாக மந்திரப் புத்தகங்கள் இதையே முதல் பாடமாக வைத்திருப்பதற்குக் காரணம், இது நன்றாக அமைந்த ஒரு சரளி வரிசை என்பதுதான்.

அப்படியானால் குறை எங்கே? தேர்வு எதைச் சோதித்தது என்பதில்தான். வெளி வட்டத்தின் படிகளில் எழுத்துகளும் பெயர்களும் தெரிந்தால் தேறலாம். அந்தப் பத்து நிமிஷச் சடங்கு உங்களுக்குள் என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. மந்திரத்தை உண்மையிலேயே செய்து பார்க்கும் பயிற்சி, 1892-ல் மேதர்ஸ் ஒழுங்குபடுத்திய உள் வட்டத்துக்குப் போன பிறகுதான். அங்கே கருவிகளையெல்லாம் அவரவரே செய்து, வண்ணம் தீட்டி, தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும்.

மார்க் போட்டது சங்கம். அந்தச் சங்கமே உடைந்தபோது மார்க் போடுவது யார் என்ற கேள்வி நேரடியாக வெடித்தது. 1900-ல் மேதர்ஸுக்கு எதிராக லண்டன் உறுப்பினர்கள் கிளம்பினார்கள். அவர் போனபிறகு, கணக்கு வழக்கில் கறாரான ஆனி ஹார்னிமன் திரும்பி வந்து பார்த்தால் பதிவேடுகளும் தேர்வுகளும் தளர்ந்து கிடந்தன. நடிகை ஃப்ளோரன்ஸ் ஃபார் தனியாக ஒரு குழு அமைத்து, தேர்வு முறைக்கு வெளியே பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். கவிஞர் யேட்ஸ் 1901-ல் இதற்காகவே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி, படிகளும் தேர்வுகளும்தான் சங்கத்தை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கின்றன, குழுக்கள் அதை உடைத்துவிடும் என்று வாதாடினார். ஃபார் பக்கம் அனுபவம், யேட்ஸ் பக்கம் ஏணி. இரண்டு பேரும் பாதி சரி. அனுபவத்தைச் சோதிக்கிற ஏணி ஒன்றை யாருமே கட்டியிருக்கவில்லை என்பதுதான் மீதிப் பாதி.

மோசமான வாத்தியார், அருமையான வினாத்தாள்

அந்த மீதிப் பாதியைக் கிட்டத்தட்ட கட்டியவர், வேடிக்கையாக, குரோலிதான். 1909-ல் அவர் தொடங்கிய ‘ஈக்வினாக்ஸ்’ இதழின் முதல் எண்ணில் ‘லிபர் ஈ’ என்ற சின்னக் கையேடு வந்தது. புதியவர்களுக்கான பயிற்சித் தொகுப்பு. தீட்சையோ எபிரேய எழுத்தோ இதில் முதலில் வரவில்லை. முதல் பகுதி முழுக்க டைரி: எதைச் செய்தாலும் உடனே, நேர்மையாக, இன்னொருவர் படித்தால் புரிகிற மாதிரி எழுதிவை.

அடுத்தது ஒரு சீட்டுச் சோதனை. 78 டாரட் சீட்டுகளைக் கலைத்து ஒன்றை உருவு. பார்க்காமலேயே என்ன சீட்டு என்று சொல். சொன்னதையும் இருந்ததையும் எழுது. திரும்பத் திரும்பச் செய்து அட்டவணை போடு. அதோடு ஓர் எச்சரிக்கை: 78 தடவையில் ஒரு தடவை சும்மா சொன்னாலே சரியாக வரும், அதை மறக்காதே. கண், தொடுகை, ஏன், வாசனை மூலமாகக்கூடச் சீட்டு தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொள்.

நான் பார்த்த அறிமுகப் பாடங்களில் மிகச் சிறந்த பக்கம் இதுதான் என்பேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 10 சீட்டு வீதம் 30 நாள், மொத்தம் 300 முயற்சி. எந்தச் சக்தியும் இல்லாத ஆளுக்கே அதில் சுமார் 4 சரியாக வரும். சரியாக வந்ததை மட்டும் டைரியில் எழுதுகிற மாணவருக்கு அது மாதத்தில் நான்கு அதிசயம். எல்லாவற்றையும் எழுதுகிறவருக்கு அது சாதாரண மாதம். ஆளும் ஒன்றுதான், சீட்டும் ஒன்றுதான். டைரி எழுதுகிற விதம் மட்டும் வேறு.

அதற்கப்புறம் ஆசனம், பிராணாயாமம், தாரணை. ஆசனம் கைகூடியதற்கு அளவுகோலும் தருகிறார்: தட்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தலையில் வைத்து, ஒரு மணி நேரம் ஒரு துளிகூடச் சிந்தாமல் உட்கார வேண்டும். இந்தப் பகுதிக்கு நம் பக்கத்து வேர் ஒன்று உண்டு. குரோலியின் நண்பர் ஆலன் பென்னட் 1900-ல் இலங்கைக்குப் போய், கொழும்பில் பொன்னம்பலம் இராமநாதன் வீட்டில் அவருடைய பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அப்போது இராமநாதன் இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல். பரானந்தர் என்ற பெயரில் பைபிளுக்கு யோக நோக்கில் உரை எழுதியவரும் அவர்தான். அவரிடம் பென்னட் யோகம் பயின்றதாகவும், 1901-ல் கண்டியில் ஏரியைப் பார்த்த ஒரு பங்களாவில் பென்னட்டிடம் தான் கற்றதாகவும் குரோலி தன் சுயசரிதையில் எழுதுகிறார். லண்டன் மந்திரப் பாடத்திட்டத்துக்குள் பிராணாயாமம் நுழைந்த வழிகளில் ஒன்று கொழும்புத் தமிழர் ஒருவரின் வீட்டு வழியாகப் போகிறது.

சரி, பாராட்டு இதோடு போதும். சீட்டுக்குச் சொன்ன அந்த ‘78-ல் ஒன்று’ என்ற எச்சரிக்கை அதற்குப் பிறகு வரும் பயிற்சிகளில் காணாமல் போகிறது. காட்சி தெரிந்தது, தேவதை பேசியது என்பதற்கு எது ‘சும்மா வரும்’ அளவு? அதைச் சொல்வதில்லை. டைரி போய்ச் சேருவது மேல்படியில் இருப்பவர் மேஜைக்கு. அங்கிருந்துதான் மார்க் வரும். அந்த மேல்படிக்காரர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து மாணவரின் கதி. 1910-ல் அதே இதழில் வந்த இன்னொரு பயிற்சியில், விலக்கிய ஒரு சொல் தவறி வாயில் வந்தால் கையில் பிளேடால் கீறிக்கொள்ளச் சொல்கிறார். சிசிலியில் செஃபலூ என்ற ஊரில் 1920-ல் அவர் அமைத்த மடத்தில் இது நடைமுறையிலும் இருந்தது. 1923-ல் ராவுல் லவ்டே என்ற இளம் சீடர் அங்கே நோய் கண்டு இறந்துபோனார். அதே வருஷம் இத்தாலி அரசு குரோலியை வெளியேற்றியது. நல்ல வினாத்தாள் எழுதத் தெரிந்தவர் நல்ல வாத்தியார் ஆகிவிடமாட்டார். டைரியும் தண்டனையும் ஒரே ஆள் கையில் இருந்தால் டைரி உண்மை பேசாது.

தனியாகப் படி, தனியாகவே தேறு

ஃபிரான்ஸ் பார்டன் செக் நாட்டுக்காரர். ‘ஃபிராபாட்டோ’ என்ற பெயரில் மேடை வித்தையும் காட்டியவர். 1956-ல் ஜெர்மன் மொழியில் வந்த அவர் புத்தகம் பத்துப் படிகள் கொண்ட ஒரு தனிப்பயிற்சி. ஒவ்வொரு படியிலும் மனம், ஆன்மா, உடம்பு என்று மூன்று பிரிவு. ஒன்றில் தேறாமல் அடுத்ததற்குப் போகாதே என்பது கண்டிப்பான விதி.

முதல் படியில் சடங்கே இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் உட்கார்ந்து ஓடுகிற எண்ணங்களைப் பார். மூச்சை, சாப்பாட்டை, தண்ணீரைக் கவனத்தோடு எடு. அதோடு கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி என்று இரண்டு பட்டியல். முதலாவதில் உன் குறைகள், இரண்டாவதில் நிறைகள். அவற்றை நெருப்பு, காற்று, நீர், மண் என்று பிரித்து எழுத வேண்டும்.

இந்த வரிசை எனக்குப் பிடிக்கிறது. அங்கி, வாள், தூபம் என்று ஆடம்பரத்தில் இறங்காமல் ஆளிலிருந்து ஆரம்பிக்கிறார். கோபக்காரன் மந்திரம் படித்தால் மந்திரம் தெரிந்த கோபக்காரன் ஆவான், அவ்வளவுதான் என்ற நிதானம் இதில் இருக்கிறது. ஆனால் மார்க் போடுவது முழுக்க முழுக்க மாணவரே. குருவும் இல்லை, கூட்டாளியும் இல்லை. தன்னை மன்னிக்கவே தெரியாதவர் முதல் படியிலேயே வருஷக்கணக்கில் நிற்பார். தன்னைப் பற்றி உயர்வாக நினைப்பவர் ஆறு மாதத்தில் ஆறாம் படிக்குப் போய்விடுவார். கறுப்புக் கண்ணாடிப் பட்டியலை உண்மையில் யார் நன்றாக எழுதுவார்கள்? கூட வாழ்கிறவர்கள். அவர்களிடம் கேட்டுப் பார் என்று புத்தகம் சொல்லியிருந்தால் அது இன்னும் நல்ல புத்தகமாகியிருக்கும்.

வகுப்பறையிலிருந்து வந்த புத்தகம்

டொனால்ட் மைக்கேல் கிரெய்க் கலிஃபோர்னியாவில் வகுப்பு எடுத்தவர். அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்தது 1988-ல் வந்த ‘மாடர்ன் மேஜிக்’. பதினொரு பாடங்கள். 2010 பதிப்பில் பன்னிரண்டாயிற்று. உண்மையான மாணவர்கள் முன்னால் சோதித்துப் பார்த்த புத்தகம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எங்கே குழப்பம் வரும், எந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். முதல் பாடத்திலேயே கனவுக் குறிப்பு, உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, ஒரு டாரட் சீட்டைத் தியானிப்பது, அந்தப் பழைய ஐங்கோணச் சடங்கு. டைரியில் தேதி, நிலாவின் நிலை, வானிலை, மனநிலை என்று எல்லாவற்றுக்கும் இடம். உலகியல் பலனுக்காக எந்த மந்திரமும் செய்வதற்கு முன்னால் சீட்டுப் பார்த்து, பின்விளைவு என்ன என்று யோசி என்கிறார். அதாவது அவசரக்காரருக்கு ஒரு வேகத்தடை.

பாட முடிவில் மீள்பார்வைக் கேள்விகளும் உண்டு. விடைகள் புத்தகத்தின் பின்பக்கம். பிரச்சினை அங்கேதான். கேள்விகள் எல்லாம் தகவல் கேள்விகள். எந்தத் திசைக்கு எந்தத் தேவதூதர், எந்தக் கருவிக்கு எந்த நிறம் என்கிற ரகம். கோல்டன் டான் தேர்வு நூறு வருஷம் கழித்துப் பேப்பர்பேக்கில் மறுபடி வந்திருக்கிறது. இரண்டு மாதம் டைரி எழுதினாயே, அதைத் திறந்து என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு கேள்வியாவது இருந்திருக்கலாம். எழுதச் சொல்லித் தருகிறார்கள், எழுதியதைப் படிக்கச் சொல்லித் தருவதில்லை.

வட்டமாக உட்கார்ந்தால் போதுமா?

ஐந்தாவது, இதற்கெல்லாம் நேர் எதிர் துருவம். 1980-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ஸ்டார்ஹாக்கும் டயேன் பேக்கரும் சேர்ந்து பெண்களுக்காக நடத்திய ஆறு வார வகுப்பு. அதிலிருந்துதான் ‘ரிக்ளெய்மிங்’ என்ற இயக்கம் வளர்ந்தது. இன்றைக்கும் அவர்களுடைய அடிப்படை வகுப்பு காற்று, நெருப்பு, நீர், மண், ஆன்மா என்ற வரிசையைச் சுற்றியே போகிறது. மனப்பாடம் குறைவு. பாட்டு, அசைவு, மனக்காட்சி, பிறகு வட்டமாக உட்கார்ந்து அவரவர் அனுபவத்தைச் சொல்வது. ஆன்மீக அதிகாரம் ஒவ்வொருவருக்கும் உள்ளேயே இருக்கிறது, வெளியே எந்தக் குருவிடமும் இல்லை என்பது அவர்களுடைய கொள்கை.

இவர்களிடம் எல்லோரும் கடன் வாங்க வேண்டிய ஒரு விஷயம், எப்போதும் சேர்ந்து கற்பிப்பது. ஒரு வகுப்புக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர். ஒருவர் நடத்தும்போது மற்றவர் அறையைப் பார்க்கலாம். யார் முகம் வெளுத்துவிட்டது, யார் அழுகையை அடக்குகிறார், யார் வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறார். செஃபலூவில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது ஜோடிக் கண்கள்தான்.

ஆனால் வட்டத்தில் மார்க்கே கிடையாது. யார் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு தலையாட்டுகிற இடம் அது. துக்கத்தோடு வந்தவருக்கு அது ஆறுதல், நான் மறுக்கவில்லை. ஆனால் ‘எனக்கு ஒண்ணுமே தோணலை’ என்று அந்த வட்டத்தில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் நெருப்பைப் பார்த்தேன் என்று கண்ணீரோடு சொல்லி முடித்த அடுத்த நிமிஷம் உங்கள் முறை. மார்க் போடுகிறவர் இல்லாத இடத்தில் கூட்டமே மார்க் போடும். சத்தமில்லாமல்.

வகுப்பு உண்மையில் என்ன கற்றுத் தருகிறது?

தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர் 1980-களில் லண்டன் மந்திரக் குழுக்களில் சேர்ந்து, மற்ற மாணவர்களைப் போலவே பயிற்சிகளைச் செய்து, 1989-ல் ஒரு பெரிய ஆய்வு நூல் வெளியிட்டார். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள் எப்படி மந்திரத்தை நம்பத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. யாரும் ஒரே நாளில் நம்பிவிடுவதில்லை. முதலில் கவனிக்கப் பழகுகிறார்கள்: எது எதற்கு அறிகுறி, எந்த நிறம் எந்தக் கிரகத்துக்கு. பிறகு பயிற்சியால் அனுபவங்கள் வரத் தொடங்குகின்றன. கடைசியில்தான் அதற்கு நியாயம் சொல்லும் பேச்சு வருகிறது. பொருள் கொள்ளும் விதமே மெல்ல மெல்ல நகர்ந்துவிடுகிறது. படகு கட்டவிழ்ந்து போகிற மாதிரி, உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

அதே சமயம், பயிற்சி ஒன்றுமே செய்யவில்லை என்றும் அவர் சொல்லவில்லை. அவருக்கே மனக்காட்சிகள் கூர்மையாயின. ஒருநாள் அதிகாலை கண் விழித்தபோது பழங்கால ட்ரூயிட் பூசாரிகள் ஜன்னலோரம் நின்றதைப் பார்த்ததாகப் பின்னால் எழுதினார். மனசைப் பழக்கினால் மனசு பழகும். அது நிஜமான திறமை. அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்பதுதான் வேறு கேள்வி.

இதை வைத்து ஐந்து பாடத்திட்டங்களையும் திரும்பப் பார்த்தால், எல்லாமே முதல் இரண்டு வேலையை நன்றாகச் செய்கின்றன. பார்க்கச் சொல்லித் தருகின்றன, அனுபவத்தைக் கொண்டுவருகின்றன. மூன்றாவது வேலையில், அதாவது அந்த அனுபவத்தை எப்படி எடை போடுவது என்பதில், குரோலியின் அந்த ஒற்றைப் பக்கத்தைத் தவிர எல்லாமே மாணவரைக் கைவிடுகின்றன.

அப்படியானால் ஆறு வகுப்பு எப்படி இருக்க வேண்டும்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஒரு ஆறு வார அறிமுக வகுப்பை இவர்களிடமிருந்தே எடுத்துக் கட்டலாம்.

முதல் வாரம் முடிப்பது எப்படி என்பதில் ஆரம்பிக்கட்டும். விளக்கைப் போடு, முகம் கழுவு, ஏதாவது சாப்பிடு, நாலு பேரோடு சாதாரணமாகப் பேசு. பிரேக் பிடிக்கத் தெரிந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். இஸ்ரேல் ரெகார்டி நினைவுக்கு வருகிறார். 1937 முதல் 1940 வரை கோல்டன் டான் சடங்குகளை நான்கு தொகுதிகளாக வெளியிட்டு ரகசியத்தை உடைத்தவர். அவரே பிற்காலத்தில், மந்திரத்தில் இறங்குமுன் மனநல சிகிச்சை ஒன்றை முடித்துவிட்டு வா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரையும் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது. யாருக்கு இந்த வகுப்பு இப்போது வேண்டாம் என்பதைத் தனியாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யவாவது முதல் வாரம் வேண்டும்.

இரண்டாவது வாரம் டைரி. நான்கு பத்திகள்: செய்தது என்ன, செய்யுமுன் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, அதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம். இரண்டாவது பத்தியைச் சடங்குக்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் அது ஜோசியம் பலித்த கதையாகிவிடும். மூன்றாவது வாரம் ஒரே ஒரு சின்னச் சடங்கு, தினமும், மாற்றமில்லாமல். நான்காவது வாரம் அதோடு சீட்டுச் சோதனை. சீட்டில் சக்தி இருக்கிறதா என்று பார்க்க அல்ல, தோற்றதையும் எழுதப் பழக.

ஐந்தாவது வாரம் இருவர் இருவராக டைரியை மாற்றிப் படிப்பது. படிப்பவர் பாராட்டவும் கூடாது, திட்டவும் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். ஆறாவது வாரம் புதிதாக எதுவும் சொல்லித் தர வேண்டாம். ஒவ்வொருவரும் தன் ஐந்து வார டைரியைப் படித்து, எது நடக்கவில்லை என்று முதலில் சொல்லட்டும். ஆசிரியர்கள் இருவரும் உட்பட.

இதற்கு இரண்டு ஆட்சேபம் வரும். முதலாவது, மந்திரத்தின் நோக்கம் சீட்டைக் கண்டுபிடிப்பது அல்ல, ஆள் மாறுவது, அதை எப்படி அளப்பது என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றம் என்றால் என்ன என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாமே. கோபம் குறைய வேண்டும் என்றால், குறைந்ததா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும். அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது, சந்தேகத்தோடு செய்தால் சடங்கு செத்துவிடும் என்பது. சடங்கு நேரத்தில் சந்தேகப்படச் சொல்லவில்லையே. கூத்துக் கலைஞர் வேஷம் கட்டி ஆடும்போது துரியோதனனாகவே இருக்கிறார். விடிந்து வேஷம் கலைத்தபின் வசூல் கணக்குப் பார்க்கிறார். கணக்குப் பார்ப்பதால் ராத்திரி ஆடிய ஆட்டம் பொய்யாகிவிடுவதில்லை.

மந்திரமோ தியானமோ வேறு ஏதாவது சாதனையோ, இப்படி ஒரு வகுப்பில் சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். என் டைரியை யார் படிப்பார்கள்? ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு ‘ஒண்ணும் ஆகாது, தாராளமா நின்னுக்கலாம்’ என்று உடனே பதில் வந்தால் அந்த ஆசிரியரிடம் ஏதோ கற்றுக்கொள்ள இருக்கிறது. பதில் வர கொஞ்சம் தாமதமானால், காலணி பக்கத்திலேயே இருக்கட்டும்.